தூரி சிறைக்கு ஒரு பொட்டலம் விதை

1929 ஏப்ரல். இத்தாலியின் தெற்கே, பாரி நகரத்துக்குப் பக்கத்தில் தூரி என்று ஒரு சிற்றூர். அங்கிருக்கும் சிறையின் சுவரோரம் ஒரு கைதி கையளவு மண்ணில் விதை ஊன்றியிருக்கிறார். முளை தலைகாட்டியதும் அவருக்குக் கை துறுதுறுக்கிறது. தினமும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டால் சீக்கிரம் வளருமே! ரூஸோ சொன்னதுபோல் இயற்கையின் போக்கில் விடுவதா, இழுத்துப் பார்ப்பதா என்று முடிவெடுக்க முடியவில்லை என்று கடிதம் எழுதுகிறார். ஜூனில் அங்கிருந்த ரோஜாச் செடி வெயிலில் கருகியது ஒரு கடிதம். ஜூலையில் அது மறுபடி துளிர்த்தது இன்னொரு கடிதம்.

எழுதியவர் அந்தோனியோ கிராம்ஷி. இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர், நாடாளுமன்ற உறுப்பினர். 1926 நவம்பரில் முசோலினி அரசு அவரைப் பிடித்தது. 1928 ஜூனில் தண்டனை: 20 ஆண்டு, 4 மாதம், 5 நாள். அந்த ஐந்து நாளையும் விடாமல் கணக்கில் சேர்த்த நீதிமன்றத்தின் கறார்த்தனத்தை என்னவென்று சொல்வது!

கடிதங்கள் போய்ச் சேர்ந்தது தானியாவுக்கு. முழுப்பெயர் தத்தியானா ஷுக்த், கிராம்ஷியின் மனைவி ஜூலியாவின் அக்கா. ரஷ்யக் குடும்பம், ஆனால் ரோமில் வாழ்ந்தவர், பள்ளியில் அறிவியல் சொல்லிக் கொடுத்தவர். ஜூலியா இரண்டு ஆண் பிள்ளைகளோடு மாஸ்கோவில். அவருக்கே உடம்பும் மனமும் சரியில்லை, கடிதம் வருவது அபூர்வம். இளையவன் ஜூலியானோவைக் கிராம்ஷி நேரில் பார்த்ததே இல்லை. கிராம்ஷிக்குப் பொட்டலம் அனுப்பவும் கடிதம் எழுதவும் பெரும்பாலும் தானியாதான் இருந்தார்.

தூரியில் கைதி உறவினர்களுக்கு மட்டுமே எழுதலாம், ஆரம்பத்தில் பதினைந்து நாளுக்கு ஒன்று. அதையும் தணிக்கைக்காரர் படித்த பிறகே தபாலில் சேர்ப்பார்கள். கேம்பிரிட்ஜில் பொருளாதாரம் கற்பித்த நண்பர் பியரோ ஸ்ராஃபாவுக்கு நேரடியாக எழுத வழியில்லை. எனவே தானியா ஒவ்வொரு கடிதத்தையும் உட்கார்ந்து நகலெடுப்பார். நகல் ஸ்ராஃபாவுக்கு, அவரிடமிருந்து வெளிநாட்டில் இருந்த கட்சித் தலைமைக்கு. கைதான சில வாரங்களிலேயே மிலானில் ஒரு புத்தகக் கடையில் கிராம்ஷி பேரில் கணக்குத் திறந்தவர் ஸ்ராஃபா. வேண்டியதை வாங்கலாம், வரம்பு கிடையாது, பில் ஸ்ராஃபாவுக்கு. சிறையில் இருக்கும் நண்பருக்கு இதைவிட நல்ல பரிசு இருக்க முடியுமா என்று தெரியவில்லை.

இந்த இருவரிடமும் கவனிக்க வேண்டியது, அவர்கள் ஆறுதல் சொல்வதோடு நிற்கவில்லை, வேலை கொடுத்தார்கள். 1931-ல் தாந்தேயின் நரக காண்டத்தில் பத்தாவது பாடலைப் பற்றிக் கிராம்ஷி ஒரு குறிப்பு எழுதி அனுப்பினார். தானியா ஸ்ராஃபாவுக்கு அனுப்ப, அது தூரின் நகரப் பல்கலைக்கழகத்தில் கிராம்ஷிக்கு ஆசிரியராக இருந்த உம்பர்ட்டோ கோஸ்மோ வரைக்கும் போய், அவருடைய கருத்தோடு சிறைக்குத் திரும்பியது. மறு ஆண்டு இத்தாலியத் தத்துவவாதி குரோச்சேயின் ஐரோப்பிய வரலாறு வெளிவந்தபோது, அதற்கு ஒரு மதிப்புரை வேண்டும் என்று தானியா கேட்டார். யோசனை ஸ்ராஃபாவுடையது. தணிக்கைக்காரரின் கண்ணுக்கு அது ஒரு குடும்பப் பெண் தன் உறவினரிடம் புத்தகம் பற்றிக் கேட்கும் கடிதம். பதில் தவணை முறையில் வாராவாரம் வந்தது.

சண்டையும் நடந்தது. தானியா 'இரண்டு உலகங்கள்' என்ற சினிமாவைப் பார்த்துவிட்டு எழுதினார்: ஒரு யூதப் பெண்ணும் ஓர் ஆஸ்திரிய ராணுவ அதிகாரியும் காதலிக்கும் கதை, இரண்டு பேரும் வேறு வேறு உலகம், சேர முடியாது என்று. போகிறபோக்கில் எழுதிய வரிதான். கிராம்ஷி பிடித்துக்கொண்டார். அப்படி இரண்டு உலகம் இருப்பதாக நீ எப்படி நம்பலாம் என்று சீறினார். யூதராகப் பிறந்த ஸ்ராஃபாவும் தானியா வழியாக வாதத்தில் சேர்ந்துகொண்டார். சினிமா பார்த்துவிட்டு எழுதிய வரி பல கடிதங்களுக்கு இழுத்தது. நலமா, நலமே என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த மனிதருக்குச் சீறக்கூட வாய்ப்பு கிடைத்திருக்காது.

தானியாவை ஒரு தெய்வமாக்க வேண்டியதில்லை. வேண்டாம் என்றதை அனுப்புவார், வருகிறேன் என்று எழுதிவிட்டு வரமாட்டார், கேட்காமலே கிராம்ஷிக்காக எங்காவது மனுப் போடுவார். கிராம்ஷி எரிந்து விழுவார், அடுத்த கடிதத்தில் மன்னிப்புக் கேட்பார். இருந்தும் அவருடைய சிறைக் கடிதங்களில் பாதிக்கு மேல் தானியாவுக்கு எழுதியவைதான்.

எல்லாக் கடிதமும் நன்மை செய்யவில்லை. 1928 பிப்ரவரியில், வழக்கு விசாரணைக்காகக் கிராம்ஷி மிலான் சிறையில் இருந்தபோது, கட்சித் தோழர் ருஜ்ஜேரோ கிரியேகோ உலக அரசியல் நிலவரத்தைப் பற்றி விலாவாரியாக ஒரு கடிதம் எழுதினார். உற்சாகப்படுத்தும் எண்ணமாக இருக்கலாம். ஆனால் கட்சியில் கிராம்ஷி எவ்வளவு பெரிய ஆள் என்பதை அந்தக் கடிதமே அரசுத் தரப்புக்குச் சொல்லிக் கொடுத்ததாக அவர் கருதினார். விசாரணை நீதிபதி அதைக் காட்டி, நீங்கள் நெடுநாள் உள்ளே இருக்க வேண்டும் என்று விரும்பும் நண்பர்கள் உங்களுக்கு இருக்கிறார்கள் போலும் என்றாராம். அந்தச் சொல் தைத்துவிட்டது. நாலைந்து ஆண்டு கழித்தும், அது வஞ்சகமா, வெறும் பொறுப்பின்மையா என்று தானியாவுக்கு எழுதிக்கொண்டிருந்தார். அறிஞர்கள் இன்றும் அதைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள்.

1932 டிசம்பர் 30 அன்று சார்தீனியாவில் கிராம்ஷியின் அம்மா இறந்தார். உடல்நிலை மோசமாக இருந்த மகனுக்கு வீட்டார் சொல்லவில்லை. அவர் 1934 மார்ச் வரைக்கும் 'அன்புள்ள அம்மா' என்று எழுதினார். வீட்டார் மறைத்தது சரியா தப்பா என்று வெளியே இருந்து தீர்ப்பு சொல்வது சுலபமில்லை. கடிதம் ஒன்றே உலகமாக இருப்பவரிடம் வெளியே இருப்பவர்கள் எதை வேண்டுமானாலும் மறைக்கலாம் என்பது மட்டும் உறைக்கிறது.

கிராம்ஷி 1937 ஏப்ரல் 27 அன்று ரோமில் ஒரு மருத்துவமனையில் இறந்தார். வயது 46. சிறையில் தொடங்கி எழுதிய 33 நோட்டுப் புத்தகங்கள் தானியா கையில். அவர் ஒவ்வொன்றின் அட்டையிலும் சீட்டு ஒட்டி ரோமன் எண்ணில் வரிசை போட்டார். பிறகு அவை சோவியத் தூதரகம் வழியாக மாஸ்கோ போயின. தானியாவும் ரஷ்யாவுக்குத் திரும்பி 1943-ல் காலமானார்.

தானியா போட்டது கிராம்ஷி எழுதிய காலவரிசை இல்லை. 1975-ல் ஆய்வுப் பதிப்பைக் கொண்டுவந்த வாலென்டினோ ஜெர்ரத்தானா அவற்றைக் காலவரிசையில் ஒழுங்கு செய்து புது எண் கொடுத்தார். ஆனால் பழைய எண்ணையும் விடவில்லை. 1929 பிப்ரவரி 8 என்று தேதி போட்டுத் தொடங்கும் முதல் நோட்டுப் புத்தகத்தின் தலைப்பில் இன்றைக்கும் '1' என்ற எண்ணுக்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், தானியா போட்ட 16 இருக்கிறது.