காதுள்ள போதே

“உங்கள் ஹெட்போன் சபை என்னவாயிற்று? சில வாரங்களாக அதைப் பற்றி ஒரு வரியும் எழுதக் காணோமே!” என்று வாசக அன்பர்கள் சிலர் அக்கறையோடு விசாரித்திருக்கிறார்கள். சபை நலமே. ஆனால் சென்ற இரண்டு கூட்டங்களிலும் நடந்தவை எம்மைச் சற்றுச் சிந்திக்க வைத்துவிட்டன. அதனாலேயே பேனா தயங்கிற்று.

புதிய வாசகர்களுக்காக ஒரு சொல். பதுளையிலும் அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வாழும் நண்பர்கள் நாம் ஐவர். மாதம் ஒரு ஞாயிறு மாலை, பசறை வீதியிலுள்ள ஆசிரிய நண்பரின் இல்லத்தில் கூடுவோம். அவரவர் ஹெட்போன்களைக் கொண்டுவந்து, மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டு, ஒரே பாட்டை ஐந்து விதமாகக் கேட்டு, ஐந்து விதமாக வாதிடுவோம். “ஐந்து பேர் கூடி, ஒருவரோடு ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருக்கும் சபையை நான் வேறெங்கும் கண்டதில்லை” என்பது, பிளேன்டீயும் உளுந்து வடையும் கொண்டுவரும் ஆசிரியரின் துணைவியார் வழங்கிய நற்சான்று. “இவர் தலையில் அது ஏறிவிட்டால், சம்பலுக்குத் தேங்காய் இல்லை என்ற செய்தி மட்டும் காதில் ஏறாது” என்றும் அவர் சொல்வதுண்டு.

ஐவருள் ஒருவர் புகையிரத சேவையிலிருந்து ஓய்வு பெற்றவர்; அண்மையில் பேரன் பிறந்த மகிழ்ச்சியில் இருக்கிறார். மற்றொருவர் பதுளைக் கடைவீதியில் கைத்தொலைபேசி திருத்தும் இளைஞர். கிழிந்த காதுமெத்தைகளுக்குப் பழைய வெல்வெட் துணியில் உறை தைக்கக் கற்றிருக்கிறார். நமுனுகுல மலைச்சாரலில் ஒரு தோட்டத்துத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருப்பவர் நான்காமவர். ஆடி தொடங்கிப் புரட்டாசி வரை, கச்சான் காற்று வீசும் ஊவாவின் மணத் தேயிலைப் பருவத்தில், அவரை நாம் காண்பதே அரிது. இரவும் பகலும் ரோதைகள் ஓடும் காலம் அது. பருவம் ஓய்ந்து, ஐப்பசி மழைக்கு வானம் கறுக்கத் தொடங்கிய ஞாயிறன்றுதான் அவர் மீண்டும் சபைக்கு வந்தார். கையில் புதிய ஹெட்போன் ஒன்றும் வந்தது. ஓராண்டில் அவர் வாங்கிய மூன்றாவது அது.

அன்று இளைஞர், பழைய சாமான் கடையொன்றில் கிடைத்த கறுத்த பேக்கலைட் காதுக்கருவி ஒன்றைக் கொணர்ந்திருந்தார். அதைக் கண்டதும் புகையிரத நண்பர் பழங்கதையைத் தொடங்கிவிட்டார். 1910ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நதானியேல் பால்ட்வின் என்பவர் தம் வீட்டுச் சமையலறையில் செய்த காதுக்கருவியை அந்நாட்டுக் கடற்படை வாங்கிற்று. நம் நாட்டிலும், தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் 1923இல் கொழும்பில் ஒலிபரப்புப் பரிசோதனைகளை நடத்தினார். 1925 டிசம்பர் 16ஆந் திகதி கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கிற்று. அந்நாளில் கிறிஸ்டல் பெட்டி வைத்திருந்தவர்கள் காதுக்கருவியை மாட்டியே கேட்டனர். அப்பெட்டிக்கு மின்சாரமும் வேண்டாம், பற்றரியும் வேண்டாம். ஆனால் ஒலிபெருக்கியை அசைக்கும் வலு அதற்கு இல்லை. எனவே கேட்பதென்பது அன்று காதைத் தீட்டிக்கொண்டு செய்த தவம். 1958இல் ஜோன் கோஸ் இசைக்கென்றே ஸ்டீரியோ ஹெட்போனைக் கொண்டுவந்தார். 1979இல் சோனி நிறுவனத்தின் வோக்மன் அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. தவம் பொழுதுபோக்காயிற்று, பொழுதுபோக்கு இன்று பலருக்கு நாள் முழுதும் கழற்றாத நகையாயிற்று.

பின்னர் ஆசிரிய நண்பர் தாம் முன்பொரு நாள் தெமோதரையில் பதிவு செய்த ஒலியைக் கேட்கத் தந்தார். அங்கே இருப்புப்பாதை நிலையத்தைக் கடந்து, மலையைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தினுள் நுழைகிறது என்பதை ஊவா வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு சிறு ஒலிவாங்கிகளை, இரு காதுகள் இருக்கும் இடைவெளியில் வைத்துப் பதிந்திருந்தார். ஹெட்போனில் கேட்டபோது வண்டி வலப்புறம் புறப்பட்டு, பின்புறமாகச் சுற்றி, காலடியில் உறுமிச் சென்றது. வண்டி போன பின் எஞ்சிய அமைதியில் சிறு பறவைகள் சில கீச்சிட்டன. “அந்தப் பறவைகள்தாம் இப்பதிவின் உயிர்!” என்றார் புகையிரத நண்பர்.

“எந்தப் பறவைகள்?” என்று கேட்டார் டீமேக்கர் நண்பர்.

நாம் சிரித்தோம். அவரும் சிரித்தார். “இந்தப் புதிய ஹெட்போனும் மந்தம்தான் தம்பி. முன்னைய இரண்டையும் போலவே இதிலும் தெளிவில்லை” என்று இளைஞரிடம் குறைப்பட்டுக்கொண்டார். இளைஞர் அதை வாங்கித் தாம் மாட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரங் கழித்து, விளையாட்டாகச் சொல்பவர்போல, “எல்லோருடைய காதையும் சோதித்துப் பார்ப்போமா ஐயா?” என்றார்.

கைத்தொலைபேசியிலிருந்து ஒரு மெல்லிய தொனி, மிக உயர்ந்த சுருதியில் தொடங்கிப் படிப்படியாக இறங்கி வரும். கேட்டவுடன் கையை உயர்த்த வேண்டும். அவ்வளவே. மனிதக் காது கேட்கக்கூடிய எல்லை, செக்கனுக்கு ஏறக்குறைய 20 அதிர்விலிருந்து 20,000 அதிர்வு வரை என்பர். வயது ஏற ஏற மேலெல்லை தாழ்வது இயற்கை. இளைஞரின் கை 16,000இல் உயர்ந்தது. எமது கையும் ஆசிரியரின் கையும் 11,000 அளவில். அறுபத்தைந்து வயதுப் புகையிரத நண்பர் 9,000இல் உயர்த்தினார். டீமேக்கரின் கை மட்டும் மடியிலேயே கிடந்தது. 8,000, 6,000, 4,000. தொனி 3,000ஐ நெருங்கியபோதுதான் அவர் நிமிர்ந்து, “இதோ, இப்போதுதான் தொடங்குகிறது” என்று கையை உயர்த்தினார். எல்லோருடைய முகத்தையும் பார்த்தார். கையை மெல்லத் தாழ்த்தினார்.

ஹெட்போனை மாற்றிப் பார்த்தோம். முடிவு மாறவில்லை.

பிளேன்டீ ஆறும் வரை ஒருவரும் பேசவில்லை. பிறகு அவரே பேசினார். “முப்பத்தொரு வருஷம் ரோதைக்கும் காற்றாடிக்கும் நடுவில் நின்றவன் நான். வேலை முடிந்து வந்தால் காதுக்குள் ஒரு விசில் கேட்கும், காலையில் போய்விடும். பிறகு அது போகாமலே இருந்துவிட்டது. வீட்டுக்காரி வாய்க்குள் முணுமுணுக்கிறாள் என்று எத்தனை நாள் கோபித்திருக்கிறேன்! பேத்தி கதை சொன்னால் விளங்காமலே ‘ஆமாம், ஆமாம்’ என்று தலையாட்டுவேன். அவளும் இப்போது என்னிடம் கதை சொல்ல வருவதில்லை. ஹெட்போனில் குறை என்று எண்ணி மூன்று வாங்கினேன். குறை அதில் இல்லை.”

வாசகர்களே, இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்பதே இதன் துயரம். உட்காதில் நத்தை ஓடு போன்ற உறுப்பினுள், காதொன்றுக்கு ஏறக்குறைய 15,000 நுண்ணிய மயிர்க்கலங்கள் உண்டு. ஓசையை உணர்ந்து நரம்புக்கு ஒப்படைப்பவை அவை. பேரோசை நெடுங்காலம் தாக்கினால் அவை மடிகின்றன. மனிதருக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. இயந்திர இரைச்சலால் வரும் கேடு பெரும்பாலும் முதலில் 4,000 அதிர்வை ஒட்டிய இடத்தைத் தின்கிறது. ச, த, ப போன்ற மெய்களைத் தெளிவாக்கும் மெல்லொலிகளும் குழந்தைகளின் குரலில் உள்ள கூர்மையும் உயர்சுருதிப் பகுதியையே பெரிதும் நம்பியிருக்கின்றன. ஆகையால் அத்தகையவருக்குப் பேச்சு கேட்கும், ஆனால் விளங்காது. “சத்தம் கேட்கிறது, சொல் கேட்கவில்லை” என்பார்கள். வலியும் இல்லை, இரத்தமும் இல்லை. எனவே வைத்தியரிடம் போக வேண்டும் என்ற எண்ணமும் எழுவதில்லை.

கைத்தொலைபேசிச் சோதனை ஒரு விளையாட்டே, அது வைத்தியமாகாது. நண்பரை அடுத்த வாரமே காது, மூக்கு, தொண்டைச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் சென்றோம். முறையாகப் பரிசோதித்த பின், இழந்தது திரும்பாது என்றும், எஞ்சியதைக் காக்கலாம் என்றும், கேட்புக் கருவி ஒன்று பேச்சு விளங்க உதவும் என்றும் கூறினார்கள். திரும்பும் வழியில் அவர் கேட்ட ஒரு கேள்வி எம்மை உறுத்திற்று.

“இசையை விடுங்கள். மழை இரவில் யாராவது ‘ஓடி வாருங்கள்’ என்று கூப்பிட்டால் எனக்குக் கேட்குமா?”

மலையகத்தில் வாழாதவர்களுக்கு இக்கேள்வி மிகையாகத் தோன்றலாம். 2014 அக்டோபர் 29ஆந் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மலை வந்து மூடியதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் பதுளை மாவட்டத்து மலைகள் மீண்டும் சரிந்ததையும் கண்டோம். மண் சரியுமுன் சுவரில் வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனப் பெருகும் சேற்று ஊற்று, மலைக்குள்ளிருந்து வரும் உறுமல் என்று சில அறிகுறிகள் தோன்றுவதுண்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளில் எச்சரிக்கை விடுக்கிறது. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். ஆனால் நள்ளிரவில் அச்செய்தி லயத்துக்கு வந்து சேர்வது பெரும்பாலும் ஒரு மனிதக் குரலாகவே. முற்காலத்தில் விடியலில் தப்பு முழங்கிப் பிரட்டுக்கு அழைத்தார்கள். தோட்டத்தில் காதுதான் கடிகாரம், காதுதான் காவற்காரன்.

எனவே, அடுத்த கூட்டத்தில் இசைக்கு முன்னர் சில ஏற்பாடுகள் நடந்தன. டீமேக்கரின் அண்டை வீட்டார், மழை இரவில் கூப்பிடுவதோடு நில்லாமல் கதவைத் திறந்து உலுக்கி எழுப்புவதென்று உடன்பட்டார்கள். இளைஞர் அவருடைய தொலைபேசி அழைப்பு வந்தால் அதிரும்படி அமைத்துத் தந்தார். இரவில் அது தலையணையின் கீழ் இருக்கும். ஏனைய நால்வரும் ஒரு விதி செய்துகொண்டோம்: மழை எச்சரிக்கை உள்ள இரவில், காதை முற்றாக மூடும் ஹெட்போனை ஒருவரும் மாட்டுவதில்லை. பின்புறம் திறந்த வகை வெளியோசையை உள்ளே விடும் என்பது உண்மை. ஆயினும் அன்றிரவு அதுவும் வேண்டாம் என்பதே சபையின் தீர்ப்பு.

இளைய வாசகர்களுக்கு ஒரு கணக்கு. உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த அளவின்படி, வயதுவந்தோர் 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்நேரம் பாதியாகும்: 83 ஆனால் 20 மணி, 86 ஆனால் 10 மணி. 90 டெசிபெலை எட்டினால் வாரத்துக்கு 4 மணி நேரமே. பஸ் இரைச்சலை வெல்ல வேண்டுமென்று ஒலியைக் கூட்டுபவர்கள் நான்கு நாட்களில் அதைச் செலவிட்டுவிடுவர். தொழிற்சாலைக்குள் ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அங்கே காதடைப்பு அவசியம் என்று கொள்க. எம் நண்பர் இப்போது காதுகளை மூடும் உறையணிந்தே ரோதையருகில் நிற்கிறார். தம்மோடு வேலை செய்யும் இளைஞர்களுக்கும் நிர்வாகத்திடம் கேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார். “டீமேக்கர் ஐயா காதில் பாட்டுக் கேட்கிறார்” என்று முதலில் கேலி செய்தவர்கள், காரணம் அறிந்தபின் தாமும் அணிகிறார்களாம்.

மூன்று ஹெட்போன்களில் இரண்டை விற்றுவிட்டார். கேட்புக் கருவிக்காகச் சேர்க்கும் பணத்தில் அது சேர்ந்தது. மூன்றாவதைச் சபைக்குக் கொண்டுவந்து, ஒலியைத் தாழ்த்தி வைத்துத் தெமோதரை வண்டியை மறுபடியும் கேட்டார். “காலடியில் போகும் உறுமல் எனக்குக் குறைவில்லாமல் கேட்கிறது” என்று மகிழ்ந்தார். பறவைகள் வரும் இடத்தை ஆசிரியர் விரலை உயர்த்திக் காட்டினார், அவர் தலையசைத்துக்கொண்டார்.

அன்று பேத்தியையும் அழைத்து வந்திருந்தார். குழந்தை அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தது. அவர் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, அவளைத் தமக்கு எதிரே, வெளிச்சம் முகத்தில் விழும்படி நிறுத்தினார். “மெதுவாகச் சொல்லு அம்மா, தாத்தா உன் வாயைப் பார்த்துக்கொண்டே கேட்கிறேன்” என்றார். கதை நெடுநேரம் நடந்தது. சபையின் மற்ற நால்வரும் தத்தம் ஹெட்போன்களைக் கழற்றிவிட்டு அதையே கேட்டோம்.

கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்பது பழமொழி. காதுக்கும் அதுவே பொருந்தும். வீட்டில் ஒருவர் “என்ன, என்ன?” என்று அடிக்கடி கேட்டால் கோபியாதீர்கள், ஒருமுறை பரிசோதிக்க அழைத்துச் செல்லுங்கள். ஹெட்போன் நல்ல நண்பன்தான். யாரேனும் கூப்பிடும்போது கழற்றி வைக்கவும் தெரிந்தவனுக்கே அது நண்பன்.