முனை முறிந்தால் பெட்டி முடிந்ததா?

வெள்ளவத்தையில் பழைய வீடுகள் இடிந்து அடுக்குமாடிகள் எழுகின்றன. வெளிநாடு போகிறவர்களும் தொடர்மாடிக்குக் குடிபெயர்கிறவர்களும் முதலில் கழித்துவிடும் பொருட்களுள் ஒன்று, 1970களில் வாங்கிய பெரிய மரப்பெட்டி ஸ்பீக்கர். "அது வேலை செய்யாது" என்ற ஒற்றை வசனத்தோடு அதன் கதை முடிக்கப்படுகிறது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், பல சந்தர்ப்பங்களில் பழுதாகியிருப்பது பின்புறத்தில் வயரைப் பிடிக்கும் முனை மாத்திரமே. கூம்பும் காந்தமும் சுகமாக இருக்கும். நோயாளியைப் பாராமலே மரணச் சான்றிதழ் எழுதும் வேலை இது.

அக்காலத்து ஜப்பானியப் பெட்டிகள் பலவற்றில் வயரை அழுத்திச் செருகும் பிளாஸ்டிக் கவ்விகள் இருந்தன. பிளாஸ்டிக் முதுமையடைந்து முறியும். உள்ளிருக்கும் சுருள்வில் துருப்பிடிக்கும். கடற்கரையோரக் கொழும்பின் உப்புக்காற்று இதனை விரைவுபடுத்தும். ஐரோப்பியப் பெட்டிகள் பலவற்றில் இருந்தது இருமுள் 'டின்' துவாரம். அதில் வட்ட முள் நேர், தட்டை முள் மறை. இன்றைய அம்பிளிபயர்களில் இதற்குரிய இணைப்பு பெரும்பாலும் இல்லாததால், நல்ல பெட்டியும் ஊமையாகிறது.

இங்கேதான் அரைகுறை வைத்தியம் ஆபத்தாகிறது. முனையைப் பிடுங்கி எறிந்துவிட்டு வயர்களை முறுக்கி வெளியே தொங்கவிடுகிறார்கள். இரண்டு வயர்களும் ஒன்றையொன்று தொட்டால் அம்பிளிபயரே கருகலாம். துவாரம் திறந்தே இருந்தால், காற்றுப் புகாதபடி மூடிச் செய்த பெட்டியின் அடிநாதம் கெடும். ஒரு பெட்டியில் மாத்திரம் நேரும் மறையும் மாறிவிட்டால், இரண்டு பெட்டிகளும் ஒன்றுக்கொன்று எதிராக இயங்கி அடிநாதத்தை விழுங்கிவிடும்.

முறையான திருத்தம் கடினமானதன்று. கழற்றுமுன் எந்த வயர் எந்த முனையில் இருந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பழைய துவாரத்தை மூடும் அளவில் ஒரு தகடு வெட்டி, அதில் திருகுமுனைகளைப் பொருத்தி, ஈயம் பற்றவைத்து, விளிம்பில் ரப்பர் பட்டி வைத்து இறுக்க வேண்டும். தகட்டைப் பெட்டிக்கு வெளியே வைத்தே துளையிட வேண்டும். இல்லையேல் இரும்புத்தூள் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். இறுதியில் 1.5 வோல்ட் பற்றரியைக் கணநேரம் தொட்டுப் பார்த்தால், இரண்டு கூம்புகளும் ஒரே திசையில் அசைய வேண்டும். பெட்டியின் மரத்தை மாத்திரம் வெட்டாதீர்கள்.

1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த நாட்டில், திருத்திப் பாவிப்பதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. அந்த நெருக்கடி றேடியோ திருத்துநர்களின் கைத்திறனை வளர்த்தது. 1977இல் கதவு திறந்தது, புதியது மலிந்தது, பழையதைத் திருத்தும் கை படிப்படியாக மதிப்பிழந்தது. 1983 யூலையில் வெள்ளவத்தையின் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, வீட்டுப்பொருட்களோடு எத்தனையோ குடும்பங்களின் நினைவுகளும் சாம்பலாயின. எஞ்சியவற்றையாவது ஒரு சிறு முனைக்காகக் குப்பைக்கு அனுப்புவது நியாயந்தானா?

2022இல் இந்நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது நின்றது. அதே ஆண்டில் உலகம் 6 கோடியே 20 இலட்சம் தொன் மின்கழிவைக் குவித்தது. முறைப்படி சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதோ கால்வாசிக்கும் குறைவு. திருத்தும் உரிமையை வலியுறுத்தி ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் சட்டம் இயற்றியது. திருத்துவதையே வாழ்க்கைமுறையாகக் கொண்டிருந்த நாமோ அதனை வறுமையின் அடையாளமென வெட்கப்படுகிறோம்.

இன்றைய கையடக்க ஸ்பீக்கர்களுட் பல, பற்றரி ஓய்ந்ததும் திறக்கவே வழியின்றி மடிகின்றன. நான்கு திருகுகளைக் கழற்றினால் உள்ளே போகலாம் என்ற பழைய பெட்டி, தன்னைத் திருத்துவாய் என்று பாவனையாளரை நம்பிச் செய்யப்பட்டது. முதிய திருத்துநர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் பெட்டியைக் கொண்டுசெல்லுங்கள். கூடவே வீட்டுப் பிள்ளை ஒன்றையும் அழைத்துச் செல்லுங்கள். பெட்டி பேசத் தொடங்கும். தொழிலும் அடுத்த கைக்குப் போய்ச்சேரும்.