ராவணன் வெட்டும் ஒரு திரைக்கதையின் உரிமையும்

திருக்கோணேஸ்வரத்துக்குச் செல்வோர் ராவணன் வெட்டருகே நின்று, கீழே ஆர்ப்பரிக்கும் கடலைப் பார்க்காமல் திரும்புவதில்லை. போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய பழைய ஆலயத்தின் தூண்கள் அக்கடலுக்கடியில் கிடக்கின்றன. 1956இல் அங்கே சுழியோடி, அந்தச் சிதைவுகளை உலகறியச் செய்தவர்கள் இருவர். ஒருவர் விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், மற்றவர் அவருடைய நண்பர் மைக் வில்சன். வில்சன் பின்னர் திரைப்பட இயக்குநருமானார். 1962இல் அவர் இயக்கி வெளிவந்த ‘ரன் முத்து தூவ’ சிங்களத்தின் முதல் முழுநீள வண்ணப்படமாகும்.

இவ்விருவரோடும் தொடர்புடைய இன்னொரு படம் உண்டு. அது எடுக்கப்படவேயில்லை. ஆயினும் அதன் திரைக்கதை யாருடையது என்ற கேள்வி இன்றுவரை ஓயவில்லை.

சத்யஜித் ராய் 1962இல் ‘சந்தேஷ்’ சிறுவர் சஞ்சிகையில், வங்கக் கிராமமொன்றுக்கு வந்திறங்கும் வேற்றுக்கிரகவாசி பற்றி ஒரு சிறுகதை எழுதினார். அதே கற்பனையிலிருந்து வளர்ந்த படத் திட்டமொன்றை 1966இல் லண்டனில் கிளார்க்கிடம் கூறினார். கிளார்க் வழியாகச் செய்தியறிந்த வில்சன், தயாரிப்புக்கு உதவுவதாகக் கல்கத்தா சென்றார். தாமரைக் குளத்தில் விண்கலம் வந்திறங்கும் ‘தி ஏலியன்’ என்ற திரைக்கதை 1967இல் அவ்வாறு உருவாயிற்று. கொலம்பியா நிறுவனம் ஆர்வம் காட்டியது. பீட்டர் செல்லர்ஸ் நடிப்பதாகவும் இருந்தது. ஆனால் ஹொலிவூட் சென்ற ராய் அங்கே கண்ட ரோனியோ பிரதிகளில், பதிப்புரிமை வில்சனுக்கும் தமக்கும் உரியதென அச்சிடப்பட்டிருந்தது. எழுதியவர் தாமே என்றும், வில்சன் கூறியவை சில யோசனைகளே என்றும் ராய் பின்னாளில் பதிவு செய்தார். படம் கைவிடப்பட்டது.

1982இல் ஸ்பீல்பேர்க்கின் ‘ஈ.டி.’ வெளியானபோது, அதற்கும் ராயின் பிரதிக்கும் உள்ள ஒற்றுமையைக் கொழும்பிலிருந்து தொலைபேசியில் முதலில் சுட்டிக்காட்டியவர் கிளார்க்தான். தமது பிரதி அமெரிக்காவில் பலர் கைகளில் உலவியிராவிட்டால் ‘ஈ.டி.’ சாத்தியமாகியிராது என்பது ராயின் கருத்து. ஸ்பீல்பேர்க் இதனை மறுத்தார். நானும் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஒரு கருப்பொருளுக்கு எவரும் உரிமை கோர முடியாது. அது எழுத்தில் பெறும் வடிவத்துக்கே உரிமையுண்டு. இந்திய உச்ச நீதிமன்றமும் 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் இதனையே வலியுறுத்தியது.

என்னை உறுத்துவது வேறொன்று. ராயா, ஸ்பீல்பேர்க்கா என்று வாதிடுவோரில் எத்தனை பேருக்கு ‘ஈ.டி.’யின் திரைக்கதையை எழுதியவர் மெலிசா மதிசன் என்பது தெரியும்? படத்தில் அவர் பெயர் தெளிவாகவே உள்ளது. திருட்டுக் குற்றச்சாட்டில்கூட எழுத்தாளர் நம் நினைவுக்கு வருவதில்லை! விஞ்ஞானப் படங்களில் இந்த மறதி இன்னும் அதிகம். விண்கலமும் இயந்திர மனிதனும் கண்ணைப் பறிக்கும்போது, அவற்றுக்கு முன்பே காகிதத்தில் ஓர் உலகத்தைக் கட்டியவர் மறைந்துபோகிறார்.

தமிழிலும் நிலைமை இதுவே. 2010இல் ‘எந்திரன்’ வெளிவந்தபோது சுஜாதா மறைந்து இரண்டாண்டுகள் கழிந்திருந்தன. கதையும் திரைக்கதையும் ஷங்கரின் பெயரில் அமைய, வசனம் எழுதிய மூவரில் ஒருவராகச் சுஜாதாவின் பெயர் இடம்பெற்றது. இதில் தவறு நடந்ததென நான் கூறவில்லை. ஆனால் ‘வசனம்’ என்ற அந்த ஒற்றைச் சொல், ஒரு விஞ்ஞான எழுத்தாளரின் பங்களிப்பு உரையாடலோடு நின்றதா, அதற்கு அப்பாலும் சென்றதா என்பதை நமக்குச் சொல்வதில்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்போர் உண்டு. என் தொழிலின் ஆரம்ப நாட்களில், இரவெல்லாம் விழித்து எழுதிய செய்தி மறுநாள் ‘நமது நிருபர்’ என்ற தலைப்பில் வெளிவரும். சம்பளம் குறைவின்றிக் கிடைத்தது. ஆயினும் அந்தச் செய்தி என்னுடையது என்பதற்கு இன்று என்னிடம் எந்தச் சான்றும் இல்லை. சம்பளம் அந்த மாதத்தோடு தீர்ந்துவிடும். பெயர்தான் எழுதுபவனுக்கு அடுத்த வேலையைத் தேடித் தரும்.

கிளார்க்கும் ஸ்டான்லி குப்ரிக்கும் சேர்ந்து உருவாக்கிய ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’யைப் பாருங்கள். 1968இல் வந்த அப்படத்தின் திரைக்கதையில் இருவர் பெயரும், நாவலில் கிளார்க் பெயர் மட்டும் உள்ளன. யார் எதற்கு உரியவர் என்பது வாசகனுக்கும் ரசிகனுக்கும் எழுத்தில் தெரிகிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும், படைப்பில் தன் பெயர் இடம்பெற வேண்டுமெனக் கோரும் உரிமையைப் படைப்பாளிக்கு அளித்துள்ளது. சட்டம் இருக்கிறது, வழக்கம்தான் இல்லை. ஆகவே இளம் எழுத்தாளர்களுக்கு நான் கூறுவது இதுவே: கையெழுத்திட்ட ஒப்பந்தமின்றி, உங்கள் பெயரும் திகதியும் முதற் பக்கத்தில் இன்றி, ஒரு பிரதியையும் கைவிட்டுப் போக விடாதீர்கள். கொடுப்பவர் நண்பரானாலும், பெறுபவர் நண்பரானாலும் இதுவே முறை.

வில்சன் பிற்காலத்தில் துறவியானார். உரிமையை விட்டுக்கொடுத்து அவர் எழுதிய சிறு கடிதத்தில் ராயை ‘ராவணன்’ என விளித்து, சீதையை நீரே வைத்துக்கொள்ளலாம் என்று குறிப்பிட்டிருந்தாராம். கோணமலைக் கடலில் சுழியோடியவருக்கு அந்தப் பெயர் நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. ஆனால் அக்கதையில் சீதையைக் கவர்ந்தவன் ராவணன். இங்கோ, தாமே பெற்ற பிள்ளையைத் திரும்பக் கேட்டவருக்கு அந்தப் பெயர் சூட்டப்பட்டது.