காசு கொடுத்துக் கூலியாவதா?

கிண்டி ரயில் நிலைய வாசலிலும், தாம்பரத்திலும், அம்பத்தூர் எஸ்டேட் பஸ் நிறுத்தத்திலும் கையகல நோட்டீசுகள் ஒட்டிக் கிடக்கின்றன. "பத்தாவது பாஸா? பெயிலா? ஆறே மாதத்தில் டிப்ளமா! நூற்றுக்கு நூறு வேலை உத்தரவாதம்!" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கீழே ஒரு செல்போன் நம்பர். முகவரி மட்டும் இருக்காது. திருடனுக்கு முகவரி எதற்கு?

அந்த நோட்டீசை நம்பிய ஒரு பையன் சென்ற மாதம் நமது சங்க அலுவலகத்துக்கு வந்தான். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம். தாயும் தகப்பனும் நடவுக்கும் அறுப்புக்கும் போகிற விவசாயத் தொழிலாளர்கள். ஃபிட்டர் டிப்ளமா படித்திருப்பதாகச் சொன்னான்.

"அரம் பிடித்துப் பழகியிருக்கிறாயா தம்பி?" என்று கேட்டேன்.

"ஒரு தடவை காட்டுனாங்க அண்ணே" என்றான்.

ஆறு மாதப் படிப்பு. அதற்கு 38,000 ரூபாய். தாயின் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று; மீதிக்கு மகளிர் குழுக் கடன். வயல் வேலைக்கு நாள் கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் இது 95 நாள் கூலி. அதுவும் 95 நாளும் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, ஒரு காசும் செலவழிக்காமல் இருந்தால்! இதற்குக் கிடைத்தது என்ன? மாடியில் ஒரு கூடம், நாற்பது நாற்காலி, மின் இணைப்பே கொடுக்காத ஒரு லேத். மூன்று மாதம் இந்த லட்சணத்தில் போயிற்று. நான்காவது மாதம் "தொழிற்சாலைப் பயிற்சி" என்று வேனில் ஏற்றி ஒரகடம் பக்கம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் இறக்கிவிட்டார்கள். பத்தாம் வகுப்பு அசல் சான்றிதழ் மட்டும் நிலையத்துக்காரரின் பீரோவில் இருந்துவிட்டது.

கம்பெனியில் என்ன பயிற்சி? பிரஸ்ஸில் தகடு வைப்பது, எடுப்பது. வைப்பது, எடுப்பது. பன்னிரண்டு மணி நேரம். பக்கத்து மிஷினில் நிற்கிற நிரந்தரத் தொழிலாளி செய்கிற அதே வேலை. அவருக்குச் சம்பளம், இவனுக்கு "உதவித்தொகை". அதிலும் விடுதி, சாப்பாடு, வேன் என்று பிடித்தம். பதினோராவது மாத முடிவில் "உனக்குப் பயிற்சி முடிந்துவிட்டது, போய் வா" என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் அதே பிரஸ்ஸில் வேறொரு பையன் நின்றான். அவனும் பணம் கட்டி வந்தவன்தான்!

அது ஏன் பதினோரு மாதம்? 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்பது 1981ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம். மாதம் 26 நாள் வீதம் பதினோரு மாதத்துக்கு 286 நாள்தான் ஆகிறது. முதலாளிக்குக் கணக்குத் தெரியாது என்று யார் சொன்னது? போதாக்குறைக்கு, "இவன் தொழிலாளியே அல்ல, பயிற்சி பெறுபவன்" என்ற கேடயம் வேறு.

தோழர்களே, இதிலுள்ள சூது இதுதான். வேலை கற்றுக்கொடுக்கும் செலவு முதலாளியின் செலவு. மிஷின் அவனுடையது, லாபம் அவனுடையது. மிஷினை ஓட்டப் பழக்கும் செலவு மட்டும் எப்படி மன்னார்குடித் தாயின் காதுத் தோட்டில் வந்து விழுந்தது? பெரம்பூர் ரயில்வே ஒர்க்ஷாப்பில் பையனை அப்ரண்டிஸாக எடுத்து, கையில் காசும் கொடுத்து வேலை பழக்கினார்கள். வெள்ளைக்காரன் தர்மவான் என்பதால் அல்ல, ரயில் ஓட வேண்டும் என்பதால். இன்றைய முதலாளியோ, பழக்குகிற செலவைப் பையன் தலையில் கட்டி, பழகுகிற காலத்து உழைப்பையும் அரைக் கூலிக்குப் பிடுங்குகிறான். பிறகு மேடையில் ஏறி, "திறமையுள்ள ஆள் கிடைக்கவில்லை" என்று கண்ணீர் வடிக்கிறான்.

சர்க்கார் என்ன செய்கிறது? 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி, சட்டத்தை மீறும் முதலாளிக்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு என்று இருந்தது. 2014ல் மோடி சர்க்கார் அந்தச் சிறைத் தண்டனையை எடுத்துவிட்டது. எடுக்க வேண்டிய அப்ரண்டிஸை எடுக்காமல் போனால், குறைகிற ஒரு ஆளுக்கு மாதம் 500 ரூபாய் அபராதம். மூன்று மாதத்துக்குப் பிறகு 1,000 ரூபாய். கம்பெனி மானேஜரின் காப்பிச் செலவுக்குக் காணுமா இது? 2016ல் வந்த திட்டத்தில் அப்ரண்டிஸின் உதவித்தொகையில் கால் பங்கை, 1,500 ரூபாய் வரை, சர்க்காரே கட்டுவதாக ஏற்றுக்கொண்டது. ஆள் நம்முடையவன், வரிப்பணமும் நம்முடையது!

2015ல் தம்பட்டம் அடித்துத் தொடங்கிய பிரதமர் திறன் பயிற்சித் திட்டத்தின் கதையைத் தணிக்கை அதிகாரி 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கை சொல்கிறது. பயிற்சி பெற்றதாகப் பெயர் எழுதப்பட்டவர்களில் 90 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு, வங்கிக் கணக்கு எண் இருக்க வேண்டிய இடத்தில் சுழி அல்லது வெற்றிடம். ஒரே போட்டோ பல பேருக்கு. பணம் யாருக்குப் போயிற்று? சுழிக்கா போயிற்று?

எல்லாத் தனியார் நிலையமும் களவு என்று நான் சொல்ல மாட்டேன். மாதாகோயில்காரர்கள் நடத்துகிற சில தொழிற்பள்ளிகளில் பையன் உண்மையாகவே வேலை கற்கிறான். நமக்கும் அவர்களுக்கும் ஆயிரம் தகராறு இருந்தாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். ஆனால் அவை எத்தனை, இந்த மாடிக் கடைகள் எத்தனை?

இத்தனைக்கும் கிண்டியிலேயே அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. தொழிற்சங்கத் தலைவர் திரு.வி.க.வின் பெயர் தாங்கிய தொழிற்பேட்டையில்தான் இருக்கிறது. அம்பத்தூரிலும் வடசென்னையிலும்கூட உண்டு. அங்கே படிப்புக் கட்டணம் கிடையாது. சீருடை, பாடப்புத்தகம், பஸ் பாஸ், சைக்கிள், மாதம் 750 ரூபாய் உதவித்தொகை என்பவை ஐ.டி.ஐ. மாணவனுக்கான அரசுச் சலுகைகள். ஃபிட்டருக்குப் பத்தாவது பாஸ், இரண்டு வருஷம். வெல்டருக்கு எட்டாவது போதும், ஒரே வருஷம். இந்தச் செய்தி மன்னார்குடிக்குப் போகவில்லை. மாடிக் கடைக்காரனின் நோட்டீஸ் போயிருக்கிறது! இதற்கு நாமும் கொஞ்சம் வெட்கப்பட வேண்டும். கூலி உயர்வுக்குக் கிராமம் கிராமமாகப் போகிற நாம், பிள்ளைகளை எங்கே சேர்ப்பது என்று ஒரு துண்டுப் பிரசுரம் போட்டோமா?

மாநில சர்க்கார் 71 அரசு ஐ.டி.ஐ.களுக்கு டாட்டா கம்பெனியுடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாய்த் திட்டம் போட்டது. 2023ல் புது மிஷின்கள் வந்தன. வரட்டும், வேண்டாம் என்று சொல்ல நாம் பைத்தியக்காரர்கள் அல்ல. ஆனால் மிஷின் தானாகப் பாடம் நடத்தாது. நிரந்தர ஆசிரியரைப் போடாமல், ஒப்பந்தத்துக்கும் தொகுப்பூதியத்துக்கும் ஆள் வைத்து ஓட்டினால், அரசு நிலையமும் நாளைக்கு மாடிக் கடைதான்.

நமது கோரிக்கைகள் புரியாத வேதாந்தம் அல்ல. ஐ.டி.ஐ. ஆசிரியர் இடங்களை நிரந்தரமாக நிரப்பு. டெல்டாவில் உள்ள ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் ஐ.டி.ஐ. சேர்க்கை அறிவிப்பை ஒட்டு. அங்கீகாரம் இல்லாமல் டிப்ளமா விற்பவனை உள்ளே தள்ளு. உற்பத்தி மிஷினில் நிற்கிற பையனுக்குப் பெயர் எதுவானாலும் தொழிலாளிக்குள்ள சம்பளம் கொடு.

ஆலைத் தொழிலாளித் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பக்கத்து மிஷினில் நிற்கிற பயிற்சிப் பையனை "டிரெய்னிதானே" என்று தள்ளி வைக்காதீர்கள். அவன் அரைக் கூலிக்கு நிற்கிற வரையில் உங்கள் கூலி உயராது. அவனுடைய அப்ரண்டிஸ் ஒப்பந்தம் முறைப்படி பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள், நகலை வாங்கச் சொல்லுங்கள். அப்ரண்டிஸின் விரல் பிரஸ்ஸில் போனாலும் முதலாளி நஷ்டஈடு தர வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 16ஆவது பிரிவு சொல்கிறது. அது பையனுக்குத் தெரியாது.

மன்னார்குடிப் பையனின் சான்றிதழை நாங்கள் நான்கு பேர் போய் நின்று வாங்கிவந்துவிட்டோம். "பீஸ் பாக்கி இருக்கிறது" என்று முதலில் முறைத்தார்கள். கல்விச் சான்றிதழ் அடகுப் பொருளல்ல என்று உயர் நீதிமன்றமே சொல்லியிருப்பதை எடுத்துச் சொன்னதும் பீரோ திறந்தது. பீரோவில் இன்னும் ஒரு கட்டு இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். 38,000 ரூபாய் வரவில்லை; மூன்று ரசீதுகளையும் வைத்து நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதியாகிவிட்டது. இதே போல ஏமாந்த வாலிபர்கள், ரசீது இருந்தால் ரசீதோடு, இல்லாவிட்டால் அந்த நோட்டீசையாவது கிழித்து எடுத்துக்கொண்டு, சங்க அலுவலகத்துக்கு வரவும். மாலை ஆறு மணிக்கு மேல் ஆள் இருக்கும்.