டிராக்டர் பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறதா?

கேள்வி: ‘‘கரும்பு ஏற்றிக்கொண்டு ரோட்டில் போகும்போது பிரேக் பிடித்தால், டிராக்டர் இடது பக்கமாக இழுக்கிறது. வயலில் ஓட்டும்போது எந்தக் குறையும் தெரியவில்லை. இதைச் சரிசெய்வது எப்படி?’’
- வாசகர் ஒருவர், விழுப்புரம் மாவட்டம்.

பதில்: டிராக்டரின் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் தனித்தனி பிரேக், தனித்தனி மிதி உண்டு. வரப்போரம் குறுகலாகத் திரும்ப ஒரு மிதியை மட்டும் மிதித்தால் போதும் என்பதற்காகவே இந்த அமைப்பு. வயலில் எப்போதும் ஒரே பக்க மிதியை மிதித்துத் திருப்பினால், அந்தப் பக்க லைனர் சீக்கிரம் தேய்ந்துவிடும். ரோட்டுக்கு வந்து இரண்டையும் சேர்த்து மிதிக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

இடது பக்கம் இழுக்கிறது என்றால், வலது பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று பொருள். முதலில் பின் டயர்கள் இரண்டிலும் காற்று சமமாக இருக்கிறதா எனப் பாருங்கள். அடுத்து, மிதிகளைக் கையால் அழுத்திப் பாருங்கள். பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் மிதி சும்மா இறங்கும் தூரம் இரண்டிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். எவ்வளவு என்பது டிராக்டருடன் தந்த கையேட்டில் இருக்கும். வித்தியாசம் இருந்தால், பிரேக் கம்பியில் உள்ள நட்டைத் திருகிச் சரிசெய்யலாம்.

அதன் பிறகும் இழுத்தால், லைனரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். சாதாரண உலர் பிரேக்காக இருந்தால், அச்சின் ஆயில் சீல் கசிந்து லைனரில் எண்ணெய் படிந்திருக்கலாம். எண்ணெய் ஊறிய லைனரைத் துடைத்து மாட்டுவதில் பயனில்லை. சீலையும் லைனரையும் மாற்றுவதே சரி. ஒரு பக்கம் மட்டும் மாற்றாமல் இரு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஆயில் பிரேக் வண்டி என்றால், எண்ணெய் அளவைப் பாருங்கள். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கையேட்டில் சொன்ன எண்ணெயைத் தவிர வேறு ஊற்றக் கூடாது.

சேற்றுழவு முடிந்து வெளியே வந்ததும், உலர் பிரேக்கில் ஈரம் இருக்கும். மெதுவாக ஓட்டியபடி சில முறை லேசாக மிதித்தால் காய்ந்துவிடும்.

வேலை முடிந்ததும், சமதளமான மண் தரையில், சுமையில்லாமல், மெதுவாக ஓட்டி பிரேக் பிடியுங்கள். இரண்டு பின்சக்கரங்களின் தடமும் ஒன்றுபோல் இருந்தால் சரியாகிவிட்டது. அதுவரை டிரெய்லர் மாட்ட வேண்டாம்.

நம் ஊர் டிரெய்லர்கள் பலவற்றில் தனி பிரேக் கிடையாது. பல டன் கரும்பையும் டிராக்டரின் பிரேக்தான் நிறுத்த வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால், பின்னாலிருந்து சுமை தள்ள, டிராக்டர் குறுக்கே திரும்பிக் கவிழும். அதனால் ரோட்டில் ஏறும் முன் இரண்டு மிதிகளையும் இணைக்கும் கொக்கியைக் கட்டாயம் போடுங்கள். வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்க நான்கு மடங்கு தூரம் தேவை. இறக்கத்தில் நியூட்ரலில் விடாமல், கிளட்சையும் மிதிக்காமல், சிறிய கியரில் இறங்குங்கள். சுமையின் மேல் ஆட்களை ஏற்றாதீர்கள். நிறுத்திய பிறகு ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

கரும்பு வெட்டு உத்தரவு வருவதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள். லோடு ஏற்றத் தொடங்கிவிட்டால் பட்டறைக்குப் போக நேரம் கிடைக்காது.