மெல்லிழையும் வல்லமையும்

மெல்லிய நூலைக்கொண்டு பெரிய மீனைப் பிடிப்பவனே தூண்டிற்கலையில் வல்லவன் என்பது பலருடைய கொள்கை. அக்கொள்கை கேட்பதற்கு இனியது. ஆயினும் உண்மையொடு பொருந்தாதது. அதனால் விளையும் தீங்கு முழுவதையும் வாய்பேசாத மீனே அனுபவிக்கின்றது என்பது என் அபிப்பிராயம். அதனை ஈண்டு எடுத்துரைக்கத் துணிகின்றேன்.

எனக்கு இதனைக் கற்பித்தது புத்தகமன்று. வேலப்பன்சாவடியில் நான் சிறுவனாயிருந்த காலத்தில், விடுமுறை நாட்களில் மூங்கிற்கோலும் மண்புழுவும் எடுத்துக்கொண்டு அயனம்பாக்கம் ஏரிக்கரைக்குச் செல்வது வழக்கம். கெண்டைக்கென்று கட்டியிருந்த மெல்லிய நரம்பில் ஒருநாள் பெரிய விரால் ஒன்று சிக்கியது. தோழர்கள் கண்டு வியக்கவேண்டுமென்று கோலை வளைத்தும் நிமிர்த்தும் நெடுநேரம் அதனை அலைக்கழித்தேன். முடிவில் அது கோரையினுட் புகுந்தது, நரம்பு அறுந்தது. மூன்றாம் நாள் வாயில் முள்ளும், முழ நீள நரம்புமாக ஒரு விரால் கரையோரத்திற் செத்து மிதந்தது. எங்கள் வீட்டுக் குழம்புக்கும் அஃது உதவவில்லை, ஏரிக்கும் உதவவில்லை. அன்று தோழர் தந்த புகழ்ச்சி இன்றும் எனக்குக் கசக்கின்றது.

இவ்வினா நம் ஏரிகளோடு நிற்பதன்று. நீலகிரி ஓடைகளுக்கு டிரவுட் மீனைக் கொணர 1863-ஆம் ஆண்டில் டாக்டர் பிரான்சிஸ் டே செய்த முயற்சி கைகூடவில்லை. பின்னர் எச். சி. வில்ஸன் என்பாரின் உழைப்பால் வானவில் டிரவுட் அங்கே நிலைபெற்றது; 1907-இல் அவலாஞ்சியிற் குஞ்சு பொரிப்பகமும் அமைந்தது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஸ்டீல்ஹெட் என்று போற்றப்படுவதும் இவ்வினத்து மீனே. ஓடையிற் பிறந்து, கடல் சென்று பருத்து, முட்டையிடத் தான் பிறந்த ஓடைக்கே மீள்வது அதன் இயல்பு. பசிபிக் சால்மன் வகைகளுட் பெரும்பாலன ஒருமுறை முட்டையிட்டதும் மடியும். ஸ்டீல்ஹெட்டோ பிழைத்துக் கடலுக்குத் திரும்பி மறுபடியும் வரக்கூடியது. ஆதலின், விடுவிக்கப்பட்ட ஒரு மீன் பிழைப்பது பின்வரும் தலைமுறையையே பிழைப்பிப்பதாகும். அம்மீனின் பல கூட்டங்கள் 1997 முதல் அந்நாட்டுச் சட்டத்தின் காப்பில் வைக்கப்பட்டிருத்தலும் இதன் அருமையைக் காட்டும்.

இதனைப் பிடிப்போர் இறகும் மயிரும் கட்டிய போலி ஈயை வீசுவர். கனத்த வீச்சுக்கயிற்றின் நுனியிற் படிப்படியாக மெலியும் ஓர் இழையும், அதன் கடையில் டிப்பெட் என்னும் முனையிழையும் இருக்கும். முற்காலத்தில் அது பட்டுப்புழுவின் பட்டுச்சுரப்பியிலிருந்து எடுக்கப்பட்டது. 1938-இல் நைலான் வெளிப்பட்டபின் அப்பழைய இழை மெல்ல மறைந்தது. முனையிழையை எக்ஸ் என்னும் எண்ணால் அளப்பர். பதினொன்றிலிருந்து அவ்வெண்ணைக் கழித்தால், அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்குக் கணக்கில் இழையின் தடிப்புக் கிடைக்கும். 3 எக்ஸ் எனின் ஆயிரத்தில் 8 பங்கு. 5 எக்ஸ் எனின் 6 பங்கு. எண் ஏற ஏற இழை மெலியும். முள்ளின் எண்ணை மூன்றால் வகுத்தால் ஏற்ற இழை தோன்றும் என்பது ஒரு வாய்பாடு. 6-ஆம் எண் முள்ளுக்கு 2 எக்ஸ், 12-ஆம் எண் முள்ளுக்கு 4 எக்ஸ்.

எனினும் வாய்பாடு ஓடையை அறியாது. சிற்றோடையின் இயல்பு வேறு. அகன்ற ஆற்றில் மீன் நூறு கெஜம் ஓடினும் ஓடட்டும் என விட இடமுண்டு; சிற்றோடையிலோ பத்தடிக்குள் ஒரு வேரும், அதனையடுத்து வீழ்ந்த மரமும் இருக்கும். அவற்றினுள் நுழையுமுன் மீனைத் திருப்புதல் வேண்டும். மெல்லிழை திருப்பாது, அறும். ஆகவே, சிறிய ஓடைக்குச் சிறிய இழை என்று கருதுதல் தவறு. ஓடை குறுகுந்தோறும் இழை வலுத்தல் வேண்டும் என்பதே என் துணிபு.

“வலிய இழையைக் கண்டால் மீன் கவ்வாதே” என்பர். தெளிந்து ஆழங்குறைந்த நீரில் அதிற் சிறிது உண்மையுண்டு. ஆனால் ஸ்டீல்ஹெட் பெரும்பாலும் மழையால் நீர் பெருகிக் கலங்கும் காலத்தில் மேலேறுவது. மேலும், குறுகிய ஓடையில் மீன் இழையைக் காணுமுன் மனிதனையே காண்கின்றது. நிழல் நீரில் விழாமல் நிற்றலும், மெத்தென நடத்தலும் இழையை மெலிவிப்பதினும் பெரிதும் பயன்படும்.

இழை தக்கதாயின் கரைசேர்த்தலும் எளிதாம். முடிச்சை நனைத்தே இறுக்குக. உலர்ந்த முடிச்சு சூடேறி வலுவிழக்கும். மீன் துள்ளும்போது கோலைத் தாழ்த்துக. அது நிற்கும் இடத்திற்குச் சற்றுக் கீழ்நின்று, கோலைப் பக்கமாகச் சாய்த்து இழுத்தால், அது நம்மையன்றி நீரோட்டத்தையும் எதிர்த்துப் போராடி விரைவில் அடங்கும். வறண்ட கல்லின்மேல் இழுத்துப் போடாது, நனைந்த கையால் நீரிலேயே தாங்கி, வாயை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பிப் பிடித்து, தானே நீந்தும் வலிமை வந்தபின் விடுக. நெடும் போராட்டத்தாற் களைத்த மீன் நீந்திச் செல்வதுபோற் காட்டிப் பின்னர் இறப்பதும் உண்டு. வெப்பமான நீரில் உயிர்வளி குறைவாதலின் அபாயம் மிகும்.

மாணவ நண்பர்களே! போராட்டம் நீண்டதென்று பெருமை பேசுவோரை நீங்கள் ஏரிக்கரையிலும் காண்பீர்கள், மலையோடையிலும் காண்பீர்கள். அந்நேரம் யாருடைய உயிரிலிருந்து எடுத்துச் செலவிடப்பட்டது என்று அவரைக் கேளுங்கள். உண்பதற்காயினும் விடுவதற்காயினும், விரைவிற் கரைசேர்ப்பதே வல்லமை. கரைசேர்க்க இயலாதென்று தெரிந்த இடத்தில் தூண்டிலை வீசாது திரும்புதல் அதனினும் பெரிய வல்லமை. இவ்வுண்மையை அந்த விரால் இறந்தன்றி நான் கற்கவில்லை. நீங்கள் அத்துணை விலை கொடாது கற்பீர்களாக.