தலையணியும் தகைமையும்: லெகா மக்களின் தொப்பி குறித்து ஒரு மறுப்பு

தலையில் அணியப்படுவது எதுவாயினும் அதனைக் கிரீடமாகவே காணும் பழக்கம் பண்பாட்டைப் பற்றி எழுதுவோர் பலரிடம் இன்றும் வேரூன்றியுள்ளது. கொங்கோ சனநாயகக் குடியரசின் கிழக்குப் பகுதி மழைக்காடுகளில் வாழும் லெகா மக்களின் சடங்குத் தொப்பிகளும் இப்பழக்கத்திற்குத் தப்பவில்லை. கண்ணாடிப் பேழையினுள் வைக்கப்பட்ட தொப்பியின் கீழ் ‘அந்தஸ்துச் சின்னம்’ என்று எழுதியதும் ஆய்வு முடிந்துவிட்டதாகக் கருதப்படுகின்றது. உண்மையில் ஆய்வு தொடங்கவேண்டிய இடம் அதுவே. எத்தகைய அந்தஸ்து? அதனை வழங்கியவர் யாவர்? அதற்கு ஈடாகக் கேட்கப்பட்டது யாது? இவ்வினாக்களை எழுப்பாதோர் லெகா மக்களைப் பற்றிப் பேசுவோரல்லர். தம் மனத்தில் உறைந்துள்ள முடியாட்சியைப் பற்றியே பேசுவோராவர்.

லெகா சமுதாயத்தில் முடிமன்னன் இருந்ததில்லை. மையப்படுத்தப்பட்ட அரசும் இருந்ததில்லை. புவாமி என்னும் அமைப்பே அம்மக்களின் ஒழுக்கத்தையும் கலையையும் பொதுவாழ்வையும் நெறிப்படுத்திற்று. அது பல படிகளைக் கொண்டது. ஆடவர்க்குரிய படிகளுள் யனானியோ உயர்ந்தது. கிண்டி யாவற்றினும் மேலானது. ஒவ்வொரு படிக்குமுரிய தீட்சைச் சடங்கில் ஆடல், பாடல், பழமொழி ஆகியவற்றின் வாயிலாக நல்லொழுக்கம் கற்பிக்கப்பட்டது. 1950களில் அங்கு களஆய்வு செய்த பெல்ஜிய மானிடவியலாளர் டானியல் பீபொய்க், 1973 இல் வெளிவந்த தமது நூலில் இவ்வமைப்பை விரிவாக விளக்கியுள்ளார். நன்மையையும் அழகையும் பிரிக்காது சுட்டும் ‘புசோகா’ என்ற சொல்லில் அதன் உட்பொருளைக் காணலாம்.

தொப்பிகள் இப்படிநிலைகளைக் கண்ணுக்குப் புலப்படுத்தின. நாரினாற் பின்னிய குல்லாயின் மீது சோகிகளும் மணிகளும் நெருக்கமாகத் தைக்கப்படும். கிண்டிப் படியை எய்தியோரின் தொப்பி உச்சியில் யானைவால் மயிர் குஞ்சமாக நிற்கும். காட்டின் மிகப் பெரிய விலங்கின் அடையாளம், மிக உயர்ந்த படியை அடைந்தவன் தலையில் அமைந்தது. ஆயினும் அத்தலை பிறப்பினால் அத்தொப்பிக்கு உரியதாகவில்லை. தந்தை கிண்டியாயிருப்பினும் மைந்தன் தானே படிப்படியாக ஏறல் வேண்டும். முடி மரபுரிமையாய் இறங்குவது. இத்தொப்பியோ சடங்கின் மூலம் ஈட்டப்படுவது. இவ்வேறுபாட்டை மறைக்கும் சொல் எவ்வளவு வசதியானதாயினும் அறிவியற் சொல்லாகாது.

ஐரோப்பியப் பொத்தான்கள் வணிகத்தின் வழி வந்து சேர்ந்தபோது, சோகிகளின் இடத்தில் அவையுந் தைக்கப்பட்டன. இதனை மரபின் சிதைவென்று இரங்குவோரும் உளர். சோகியோ காட்டில் விளைந்த பொருளன்று. இந்து சமுத்திரத்தினின்றும் பல கைகள் மாறி வணிகத்தின் மூலம் உள்நாட்டை அடைந்த பொருள். முந்திய வணிகம் மரபாகும், பிந்திய வணிகம் சிதைவாகும் எனின், அளவுகோல் லெகா மக்களுடையதன்று. தூய ‘பழங்குடியை’ விரும்பும் சேகரிப்பாளனுடையதே.

செல்வமின்றிப் படியேறல் இயலாதே, ஆகவே இதுவும் செல்வர் ஆதிக்கந்தானே என வாதிடுவார்க்கு விடை கூறவேண்டும். தீட்சைக்குப் பொருள் தேவைப்பட்டமை உண்மை. ஆனால் அப்பொருள் தனியொருவன் களஞ்சியத்திலிருந்து மட்டும் வரவில்லை. உறவினர் உதவியால் திரண்டது. சடங்கின்போது பிறர்க்குப் பங்கிடப்பட்டது. உறவினரின் நல்லெண்ணத்தை இழந்தவன் உயர்படியை எய்துதல் அரிது. பெண்களுக்கும் தனிப்படிகள் இருந்தன. எனினும் மனைவியின் படி கணவனின் படியோடு பிணைக்கப்பட்டிருந்தது. ஆகவே புவாமியைச் சமத்துவப் பொற்காலமாகப் போற்றுவதும் தவறு. மறுக்கப்படவேண்டியது அதன் ஏற்றத்தாழ்வன்று; அவ்வேற்றத்தாழ்வை ஐரோப்பிய அரசவையின் அச்சில் வார்த்துக் காட்டும் பார்வையே.

இத்தொப்பியின் பொருளை நூதனசாலைக் குறிப்புகளை விடக் குடியேற்ற ஆட்சி நன்கு உணர்ந்திருந்தது. தானே நியமித்த தலைவர்கள் மூலம் ஆள முற்பட்ட அவ்வாட்சிக்கு, தன் கட்டளையின்றித் தகைமை வழங்கும் ஓர் அமைப்பு பொறுக்கவியலாததாயிற்று. 1948 இல் பெல்ஜிய நிர்வாகம் புவாமியைத் தடைசெய்தது. வெறும் அலங்காரத்தை எந்த அரசும் சட்டமியற்றித் தடுப்பதில்லை.

இன்று லெகா தொப்பிகளும் முகமூடிகளும் தந்த உருவங்களும் ஐரோப்பிய, அமெரிக்க நூதனசாலைகளில் இடம்பெற்றுள்ளன. அணிந்தோரின் பெயரும், அவர் ஏறிய படியும், அன்று ஓதப்பட்ட பழமொழியும் இன்றி ஒரு தொப்பி அங்கு நிற்குமாயின், தடை வேறுருவில் நீடிக்கின்றது எனல் மிகையன்று. மானிடவியலைக் கற்போரும் கற்பிப்போரும் ‘அந்தஸ்துச் சின்னம்’ என்ற சொல்லைக் கைவிடவேண்டுமென்பதில்லை. அச்சொல்லைப் பயன்படுத்துமிடமெல்லாம், அந்த அந்தஸ்தைத் தந்தவர் யார், பெற்றவன் எக்கடமைக்கு உட்பட்டான் என்பதையும் எழுதக் கடமைப்பட்டுள்ளனர்.